தெலாவியில் ஒரு வழியனுப்பு விருந்து



ஜார்ஜியா நாட்டில் ஒருவரை ஊருக்கு வழியனுப்ப வேண்டுமென்றால் வயிறாரச் சாப்பாடு போட்டால் மட்டும் போதாது; மனசு விட்டுப் பேசவும் வேண்டும். 'சுப்ரா' என்று அவர்கள் சொல்லும் விருந்தை நடத்த ஒரு தலைவர் உண்டு. அவர்தான் 'தமடா'. எதற்காக, யாருக்காகக் கோப்பையை உயர்த்துவது என்று அவர் சொல்லுவார். அவர் வாழ்த்திப் பேசி முடிக்கும்வரை கோப்பையை வாயில் வைப்பது மரியாதையில்லை.

கிழக்கே ககேத்தி வட்டாரத்தில், அலசானி பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் ஊர் தெலாவி. திராட்சை அறுவடை முடிகிற அக்டோபரில் நான் அங்கிருந்து கிளம்பினேன். பயணத்தில் பழக்கமான நண்பர்கள் கூடி, ஒருவர் வீட்டு முற்றத்தில், கொடிப்பந்தலின் கீழ் விருந்து வைத்தார்கள்.

நான் சைவம். அதில் அங்கே சிரமமே இல்லை. அவர்களுடைய திருச்சபையில் நோன்பு நாட்கள் அதிகம். அதனால் காய்கறிச் சமையல் நன்றாக வளர்ந்திருக்கிறது. வதக்கிய கத்தரிக்காயில் பூண்டு சேர்த்து அரைத்த அக்ரூட் விழுதை வைத்துச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவியிருந்தார்கள். மண்சட்டியில் பீன்ஸ் விதைக் குழம்பு, அதில் மல்லித்தழை மணம். பாலாடைக்கட்டி பொதிந்த 'கச்சாபுரி' ரொட்டி சுடச்சுட வந்துகொண்டே இருந்தது.

மற்றவர்களுக்கு வீட்டு ஒயின். 'குவெவ்ரி' என்னும் பெரிய மண்தாழியைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, திராட்சைச் சாற்றைத் தோலோடு அதில் ஊற்றி மூடி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எனக்கு அன்று பிழிந்த திராட்சைச் சாறு.

முதல் வாழ்த்து சமாதானத்துக்கு. பிறகு பெற்றோருக்கு, நட்புக்கு. அடுத்து தமடா எழுந்து நின்றார், எல்லோரும் எழுந்தோம். இறந்தவர்களுக்கான முறை அது. ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் மறைந்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்ததும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேட்டார்கள். அந்தத் தமிழ்ப் பெயரை, தட்டுத் தடுமாறி, மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் குடித்தார்கள். உடனே அடுத்த வாழ்த்து, குழந்தைகளுக்கு. துக்கத்தோடு யாரையும் உட்காரவைத்துவிடாத இந்த வரிசையை யார் வகுத்தார்களோ, அவர்களை நான் வணங்குகிறேன்.

நடுவே மூன்று குரலில் பாடினார்கள். இந்தப் பாட்டு மரபைச் சேர்ந்த 'சக்ருலோ', 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு தங்க இசைத்தட்டில் ஏறி விண்வெளிக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அடிக்குரல் நம் நெஞ்செலும்பில் அதிர்கிறது.

பிறகு என்னைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மனிதரைப் பற்றி நாம் இரங்கல் கூட்டத்துக்கென்று எடுத்துவைக்கும் நல்ல வார்த்தைகளையெல்லாம், அவர் எதிரே இருக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலைகுனியாமல் கேட்டுக்கொண்டேன்.

விருந்தாளி பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற நண்பரின் அம்மாவுக்காகக் கோப்பையை எடுத்தேன். தமடா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்த அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து, மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பேசவிட்டார்.