பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

அண்மையில் போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு மடிக்கணினி துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த காலத்தில், சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய பழைய கணினி அது. அந்த வீட்டுத் தாயார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சுன்னு மகன் சொல்றான். தூக்கிப் போட வேண்டியதுதானா?"

இன்று பேசப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கணினிக்கு ஆயுள் முடியவில்லை, நேயர்களே. முடிந்தது அதற்குள் இருக்கும் விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவு. இயங்குதளம் என்றால் என்ன? காலைப் பிரட்டை நினைத்துப் பாருங்கள். இருநூறு பேர் வந்து நின்றாலும், யார் எந்த நிரைக்குப் போவது, யாருக்கு எந்த வேலை என்று ஆள் பிரித்து விடுபவர் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? கணினியின் திரை, விசைப்பலகை, நினைவகம், அச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் அப்படி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் இயங்குதளம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அந்நிறுவனம் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்தது.

"திருத்தம் வராவிட்டால் என்ன, கணினி ஓடத்தானே செய்கிறது?" என்று கேட்கலாம். ஓடும். கதவின் தாழ்ப்பாள் உடைந்த வீட்டிலும் குடியிருக்க முடிகிறதல்லவா, அதுபோல! 2017 மே மாதம் வானாகிரை என்ற கிருமி நூற்றைம்பது நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தாம் அகப்பட்டுக்கொண்டன. இன்று நம் வீட்டுக் கணினியில்தான் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறோம், வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தின் கடவுச்சொல்லைத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வைக்கலாமா?

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால்? அதற்கு மைக்ரோசாப்ட் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலி இண்டல் நிறுவனத்தினுடையதானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்கவேண்டும். 2017க்கு முன் செய்த கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறா. புதிய மடிக்கணினி என்றால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில்தான் 1,700 ரிங்கிட் ஆயிற்று. ஒரு மாத உழைப்பில் பெரும்பகுதியை இதில் கொட்ட எந்தக் குடும்பத்தால் முடியும்?

அதனால்தான் லினக்ஸ் என்ற பெயரைச் சொல்கிறேன். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். தாம் எழுதியதைப் பூட்டி வைக்காமல், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விட்டுவிட்டார். அன்று முதல் உலகமெங்கும் பல்லாயிரம் பேர் அதை வளர்த்து வருகிறார்கள். புதிய சரக்கு என்று பயப்படாதீர்கள். உங்கள் கையிலிருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியானால், அதன் அடித்தளமே லினக்ஸ்தான். நம் அரசாங்கமும் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றை வகுத்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். லினக்ஸ் ஒன்றல்ல. அரிசி ஒன்று, சோறு பல வீட்டுப் பக்குவம் என்பது போல, அதே அடித்தளத்தை வைத்துப் பலர் பலவிதமாகச் சமைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வகைகள்! இளைஞர்கள் இவற்றில் எது சிறந்தது என்று மாதக்கணக்கில் வாதம் செய்வார்கள். அந்த வாதத்தில் நாம் இறங்க வேண்டாம். விண்டோசில் பழகிய கை தடுமாறாமல் இருக்க மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது உபுண்டு. 2004இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது. நல்ல உறுதியானது. ஆனால் அதன் திரை அமைப்பு வேறு. விண்டோசில் கீழே இருக்கும் பட்டை இதில் இடது ஓரத்தில் நிற்கும். இரண்டாவது சோரின். அயர்லாந்தில் இரு சகோதரர்கள் தொடங்கியது. விண்டோஸ் போலவே தோன்றும்படி அமைத்துக்கொள்ளலாம். அதன் பதினெட்டாம் பதிப்பை, விண்டோஸ் 10க்கு விடை கொடுத்த அதே அக்டோபர் 14ஆம் நாளிலேயே வெளியிட்டார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்! காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு, இலவசப் பதிப்பும் உண்டு. நமக்கு இலவசமானதே போதும்.

மூன்றாவது லினக்ஸ் மிண்ட். 2006இல் தொடங்கியது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 2024 ஜூலையில் வந்த இதன் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. இதிலேயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று தோற்றங்கள். கணினியில் எட்டு ஜிபி நினைவகம் இருந்தால் சின்னமன் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. அலங்காரம் குறைவு, ஆனால் பாரமும் குறைவு. இரண்டு ஜிபியிலும் ஏறும் என்றுதான் சொல்கிறார்கள். ஏறும், ஆனால் இணையத்தைத் திறந்தால் மூச்சு வாங்கும். கையில் கொஞ்சம் காசு இருந்தால், பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வட்டு ஒன்று போடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால், மிண்ட் என்பேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே ஒருவர் சோரின் வைத்திருந்தால், நீங்களும் சோரினே போடுங்கள். அடுத்த வீட்டில் உபுண்டு இருந்தால், உபுண்டுவே போடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது, "அக்கா, இது எங்கே இருக்கு?" என்று ஓடிப்போய்க் கேட்க ஒரு வீடு வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் அங்கே அரசு, பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. அவற்றில் விண்டோசும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்திலிருந்து காட்டிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் பல பிள்ளைகளின் கை பழகிய விண்டோசையே தேடிப் போயிற்று. பக்கத்து மாநிலமான கேரளத்திலோ, அரசுப் பள்ளிகள் லினக்சுக்கு மாறியபோது முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடமும் தேர்வும் அதிலேயே நடந்தன. அங்கே லினக்ஸ் வேரூன்றியது. இரண்டு இடத்திலும் மென்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு. தோட்டத்துக்குத் தோட்டம் இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஒரே வகையைக் கற்றுக்கொண்டால், கேரளத்தில் ஆசிரியர்கள் செய்ததை இங்கே அவர்கள் செய்துவிடலாம்.

இனி, மாற்றுவது எப்படி? உடனே மாற்ற வேண்டாம். முதலில் பென்டிரைவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ்மிண்ட் டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பை இறக்குங்கள்; ஏறக்குறைய மூன்று ஜிபி இருக்கும். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்திலேயே திருடர்கள் புகுந்து, இறக்கும் இணைப்பைக் கள்ளக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள், பிறகு சரி செய்யப்பட்டது. ஆகவே இறக்கியதைச் சரிபார்க்கும் முறையும் அங்கே எழுதியிருக்கிறது, அதைப் படியுங்கள். கைப்பேசித் தரவைச் செலவழிக்க வேண்டாம்; பக்கத்தில் நாடி மையம் இருந்தால் (முன்பு பெடி என்று பெயர்) அங்கே இணைய வசதி உண்டு. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றித் தரும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும், கவனம்.

பிறகு அதைக் கணினியில் செருகி, மின்விசையை அழுத்தியவுடன் எஃப்12 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் திரையில் வந்துவிடும். உள்ளேயிருக்கும் விண்டோசை அது தொடாது. இந்த நிலையில் வைத்தே சோதித்துக்கொள்ளுங்கள். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? கேமரா தெரிகிறதா? அச்சுப்பொறி பேசுகிறதா? அச்சுப்பொறிதான் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு, கல்வி அமைச்சின் டெலிமா தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அது உலாவியில் ஓடுவதால் லினக்சிலும் ஓடும். கூகுள் மீட், வாட்ஸ்அப், வங்கித் தளம், சேமநிதித் தளம் எல்லாமே அப்படித்தான்.

ஓடாதவையும் உண்டு, மறைக்கக் கூடாது. மைக்ரோசாப்டின் வேர்டு, எக்செல் ஆகியவற்றை விண்டோசில் போல நிறுவ முடியாது. அவற்றுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. வேர்டு கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் எழுத்துருவும் சில வேளை இடம் மாறும். பள்ளிக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. விளையாட்டுகளில் பல ஓடும், சில ஓடவே ஓடா. மகன் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால், மாற்றாதீர்கள். அல்லது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ் தட்டச்சு செய்ய முடியுமா என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கேட்பார்கள். முடியும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பெயரால் வழங்கும் தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் பெறும் முறையும் லினக்சில் கிடைக்கின்றன. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் கை பழகியவர்கள், அது விண்டோசுக்கும் மெக்கிண்டோசுக்கும் உரியது என்பதால், இங்கே ஒலிப்பு முறைக்குச் சில நாள் பழக வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளத் தமிழிலேயே நூல்கள் வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய கணியம் இணைய இதழைத் தேடிப் பாருங்கள், கட்டணமில்லை.

சோதித்து மனம் நிறைந்தபின் நிறுவலாம். நிறுவுவதற்குமுன் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். என் அக்காள் வீட்டுக் கணினிக்கு மிண்ட் போட்டபோது, "வட்டு முழுவதையும் அழித்து நிறுவு" என்ற வரியை நான் அவசரத்தில் தேர்ந்துவிட்டேன். கணினி நன்றாக ஓடியது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் மட்டும் இல்லை! அக்காள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கடைக்காரர் எவராவது "லினக்ஸ் விலை இவ்வளவு" என்று சொன்னால், மிண்டுக்கு விலையில்லை, உங்கள் கூலி எவ்வளவு என்று கேளுங்கள்.

அந்தப் போர்ட்டிக்சன் வீட்டுக் கணினியில் நினைவகம் நான்கு ஜிபி. எக்ஸ்எஃப்சிஇ தோற்றத்தைப் பென்டிரைவில் வைத்து ஓட்டிக் காட்டினேன். வைஃபை பிடித்தது, டெலிமா திறந்தது, அச்சுப்பொறி மட்டும் ஒத்துவரவில்லை. "அச்சு எடுக்கிறதைப் பள்ளிக்கூடத்துல எடுத்துக்கிறேம்மா" என்றான் மகன். பிறகு பென்டிரைவைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். இரண்டு வாரம் அதிலேயே வீட்டுப்பாடம் செய்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு நிறுவுவதா வேண்டாமா என்று தாயும் மகனும் முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்வீட்டுப் பையன்கள் இருவர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு பென்டிரைவ் தயார் செய்யவேண்டும்.