தோட்டாவுக்கு எண்: இயலுமா, கட்டுப்படியாகுமா?

துப்பாக்கிக்கு எண் உண்டு. அதில் இடப்படும் தோட்டாவுக்கு ஏன் இல்லை? குற்றவாளி துப்பாக்கியோடு மறைந்துவிடுகிறான். களத்தில் எஞ்சுவது பெரும்பாலும் வெற்றுக் கூடுதான். சுழல் துப்பாக்கியாயின் அதுவும் எஞ்சாது.

கூட்டின் அடித்தட்டில் தொழிற்சாலைக் குறியையும் ஆண்டையும் பதிப்பது பழைய வழக்கம். கட்கித் தொழிற்சாலையின் தோட்டாக்களில் 'கே.எஃப்.' என்னும் எழுத்துகளைக் காணலாம். கூடு உருவாகும்போதே அச்சு விழுந்துவிடுவதால் இதற்குத் தனிச்செலவு அநேகமாக இல்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி எண் என்றால் நிலைமை வேறு. ஒரே அச்சு பயன்படாது. லேசர் கதிரால் ஒவ்வொன்றாகப் பொறிக்க வேண்டும். கூடுகள் ஆலையில் குவியல் குவியலாகவே நகர்கின்றன. வரிசை அங்கே நிலைப்பதில்லை. எனவே உற்பத்தியின் இறுதிக் கட்டத்திலோ, பெட்டியில் அடைக்குமுன் எண்ணை மீண்டும் படித்தோதான் கணக்கில் ஏற்ற முடியும்.

இயந்திரத்தின் விலையாவது ஒருமுறைச் செலவு. பதிவேடோ ஆண்டுதோறும் வளரும். 1,00,000 தோட்டாக்களுக்குத் தனி எண் இட்டால் 1,00,000 பதிவுகள். 10,000 கொண்ட தொகுதிக்கு ஓர் எண் என்றால் 10 பதிவுகளே போதும்.

பிரேசில் இந்த இரண்டாம் வழியைத் தேர்ந்தது. 2003ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அரசுப் படைகளுக்கு விற்கப்படும் தோட்டாக் கூடுகளில் தொகுதி எண்ணைக் கட்டாயமாக்கிற்று. 10,000 என்ற உச்சவரம்பும் வகுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியேலி ஃபிராங்கோ கொல்லப்பட்டபோது, கிடைத்த கூடுகள் 2006இல் கூட்டாட்சிக் காவல்துறைக்கு விற்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. ஆனால் அத்தொகுதி வரம்பை வெகுவாக மீறியிருந்தது. அரசின் இருப்பிலிருந்து தோட்டாக்கள் கசிந்தன என்பதை எண் காட்டிற்று. எந்தக் கிடங்கில், யார் கையால் என்பதைக் காட்ட இயலவில்லை. குறை பொறிப்பில் இல்லை, தொகுதியின் பருமனில் இருந்தது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திற்கு 2019இல் வந்த திருத்தம், 'தடமறிதல்' என்பதைத் துப்பாக்கியோடு தோட்டாவுக்கும் சேர்த்தே வரையறுக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி எண் என்ற அளவுக்கு உடனே செல்வது வீண்செலவு. காவல்படைகளுக்கு வழங்கப்படுபவற்றில் சிறு தொகுதி எண்ணுடன் தொடங்கினால் கட்டுப்படியாகும்: கிடங்குப் பதிவேடு ஏற்கெனவே உள்ளது. அதில் கூடுதலாக வேண்டுவது ஒரு பத்தியும், ஒரே தொகுதியைப் பல பிரிவுகளுக்குப் பங்கிடலாகாது என்னும் ஓர் ஆணையுமே.