தோட்டத்து ஆஸ்பத்திரி மூடிய பிறகு

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிமீது மருத்துவப் பொறுப்பையும் வைத்தது. அதனால் பல தோட்டங்களில் டிரெசர் இருந்தார். சில தோட்டங்கள் சேர்ந்து ஆஸ்பத்திரியும் நடத்தின. பிறகு தோட்டங்கள் துண்டாயின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாய் மூடின. டவுனில் அரசாங்கக் கிளினிக் இருக்கிறதே, அங்கே டாக்டரே இருக்கிறாரே என்றார்கள். உண்மைதான்.

ஆனால் நம் லயத்துப் பாட்டி அங்கே எப்படிப் போவார்? முன்பு டிரெசர் வாசலுக்கே வருவார். "என்ன பாட்டி, கால் வீங்கியிருக்கே, உப்பைக் குறைக்கலையா?" என்று தமிழில் அதட்டுவார். இப்போதோ மண்சாலையில் நடந்து, பஸ் பிடித்து, முகப்பில் மலாயில் பேச வேண்டும். ஒரு பாட்டி இரண்டு மாதமாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். கேட்டோம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு வாத்தியாரே" என்றார். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி காட்டாது. அதுதான் அதன் பொல்லாத்தனம்.

ஆகவே, வீட்டு முதியவர் மறுபடி மருந்தெடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறோம். லயத்து முதியவர்களுக்கு ஒரே நாளில் தேதி கிடைக்குமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் ஒரே வண்டியில் போய்வரலாம். 60 வயதான குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் மட்டும் முன்பே முகப்பில் விசாரித்துக்கொள்ளுங்கள். மருந்துப் புத்தகத்தை மறக்காதீர்கள்.