பயிர் காக்கும் துப்பாக்கி: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

(மலையடிவார விவசாயிகளின் கோரிக்கைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



பன்னி என்ன செய்யும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பால் பிடிக்கிற மக்காச்சோளத்தில் ஒரு ராத்திரி கூட்டமாக இறங்கினால் விடியும்போது தட்டுகூட நிற்பதில்லை. மரவள்ளியில் தின்றது பாதி, மிதித்தது பாதி. பயிர் காக்கத் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். மனுவில் எந்தத் துப்பாக்கி என்று எழுதுவது? அதைப் பேசத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம்.

முதலில் ஒன்று. திருட்டு மின்வேலி வேண்டாம். அது பன்னியைப் பார்த்துக் கொல்வதில்லை. தண்ணி கட்டப் போன நம்ம ஆளையும் கொல்கிறது, யானையையும் கொல்கிறது. அவுட்டுக்காயும் வேண்டாம். அது மேயப்போன மாட்டின் வாயைக் கிழிக்கிறது. இந்த இரண்டையும் கைவிட்டால்தான் நம் கோரிக்கைக்கு மரியாதை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் 13-வது பிரிவு என்ன சொல்கிறது? உண்மையாகப் பயிர் காக்கக் கேட்கிறவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். 14-வது பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு.

சரி, எந்தத் துப்பாக்கி? நம்ம காட்டை நினைத்துப் பாருங்கள். பாறை, பள்ளம், சரிவு, உண்ணிச்செடிப் புதர். பன்னி கண்ணுக்குப் படுவதே 20, 30 மீட்டருக்குள்தான். தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். சுடுகிறவருக்கு ஐம்பது வயசு, அறுபது வயசு. ஆகவே லேசாக இருக்கணும், தோளை உதைக்கக் கூடாது, கிட்டத்தில் விழ வைக்கணும்.

ரைஃபிள் வேண்டாம். அதன் குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். பாறையில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நம்ம சொந்தக்காரர் காவல் சாளையில் படுத்திருப்பார். பயிர் காக்க என்று சட்டம் சொல்வதும் ரைஃபிளை அல்ல.

நாட்டுத் துப்பாக்கி விலை குறைவு. ஆனால் ஒரே வெடி. பனியில், தூறலில் மருந்து நமுத்துப் போகும். மறுபடி கெட்டிப்பதற்குள் காயம்பட்ட பன்னி மேலே வந்துவிடும். இதைத்தான் "போதாது" என்பதற்குக் காரணமாக மனுவில் எழுத வேண்டும்.

410 போர் ரொம்ப லேசு, உதையும் கம்மி. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் பெரிய ஒத்தப் பன்னிக்குத் தோள்பட்டையில் கேடயம் மாதிரித் தடித்த தோல். அதற்கு 410 போதாது. காயப்பட்ட பன்னி சாகிற பன்னியைவிட மோசம்.

மிஞ்சுவது 12 போர். சுமார் 3 கிலோ எடையுள்ள ஒற்றைக் குழல் தோட்டாத் துப்பாக்கிதான் நமக்கு ஏற்றது என்று நினைக்கிறோம். உடம்பில் வலு உள்ளவர் இரட்டைக் குழல் கேட்கலாம். இரண்டாவது வெடி கையில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே தோட்டாவைப் போட்டால், துப்பாக்கி லேசாக லேசாக உதை கூடும். இரண்டரைக் கிலோ என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் தோள் வீங்கும். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு சுடுவோம், குறி தப்பும். கட்டையின் பின்னால் ரப்பர் அட்டை போடுங்கள். தோள் குழியில் இறுக்கிப் பிடியுங்கள். கட்டையின் நீளம் அவரவர் கைக்குச் சரியாக இருக்கட்டும். தோட்டாவில் எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய ரவைதான் பன்னிக்கு. பறவைக்கான பொடி ரவை புண்ணாக்குமே தவிரக் கொல்லாது. 30 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள், ரவை பரந்துவிடும். பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தப்பிய ரவை மண்ணில் புதையும். விளக்கடித்து, பன்னிதான் என்று கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது: துப்பாக்கி உரிமம் வேறு, சுடும் அனுமதி வேறு. 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போது 2-வது அட்டவணையில் இருக்கிறது. 11-வது பிரிவின்படி அனுமதி இல்லாமல் சுட்டால் ஜெயில்தான். யாரும் அவசரப்பட வேண்டாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை இது: காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ. வரை கொல்லக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அடிவாரத்துக்காரன் நிலம் எங்கே இருக்கிறது? முதல் 3 கி.மீ.க்குள்தான்! அப்பால் இருப்பவருக்கும் ஆள் வந்து சேர்வதற்குள் அறுவடை முடிந்துவிடும். பக்கத்துக் கேரளத்தில் 2022-இல் ஊராட்சித் தலைவருக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பட்டியல் போட்டுச் சுட வைக்கிறார்கள். விஷம், வெடி, மின்சாரம் மட்டும் கூடாது. அங்கே முடிகிறது இங்கே ஏன் முடியாது?

நமது கோரிக்கைகள்:

1. பயிர் காக்க 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி உரிம மனுக்களைக் காலக்கெடு வைத்து முடி!
2. உரிமம் பெறும் விவசாயிக்கு அரசு செலவில் சுடும் பயிற்சி கொடு!
3. பயிற்சி பெற்ற விவசாயிகளை ஊராட்சிதோறும் பட்டியலில் சேர்த்துச் சுடும் அனுமதி கொடு!
4. 3 கி.மீ.க்குள் இருக்கும் நிலங்களில் பன்றியைப் பிடிக்கக் கூண்டும் ஆளும் உடனே அனுப்பு!
5. தேர்தல் நேரத்தில் குற்றப் பின்னணி இல்லாத விவசாயியின் துப்பாக்கியை வாங்கி வைக்காதே! பன்றிக்கு நடத்தை விதி கிடையாது!

மனுவில் ஒவ்வொருவரும் பட்டா நகல், சேதத்தின் படம், கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்த புகாரின் நகல் மூன்றையும் இணையுங்கள். தனித்தனியாகப் போனால் கதவு திறக்காது. ஊராகத் திரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போவோம்.

விதைத்தவன் அறுக்க வேண்டும்! அதற்காகப் போராடுவோம்! வென்றெடுப்போம்!