பிள்ளைக்கு ஊசி, தாய்க்கு ஒரு கேள்வி



கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? அட்டையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போகிறோம். பிள்ளையை நிறுக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், திரும்பி வருகிறோம். தூக்கிச் சென்ற தாயின் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரின் வடகிழக்கில் பொங்கோல் என்று ஓர் ஊர். முன்பு பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்த இடம். இன்று அடுக்குமாடி வீடுகளும் இளம் குடும்பங்களும் நிறைந்திருக்கிறது. அங்குள்ள பலதுறை மருந்தகத்தில் 2019ஆம் ஆண்டில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பிள்ளையை ஊசிக்குக் கொண்டுவரும் தாயின் மனநிலையையும் அங்கேயே விசாரிப்பது என்பதே அது. தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் இவ்வகை விசாரிப்பு 2008 முதலே நடந்து வந்தது. 1966இல் ஒரே ஆண்டில் 39 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தார்களே, அந்தப் பழைய காண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் வழிவந்ததுதான் இது.

இதற்கென்றே எடின்பரோ நகரில் உருவாகி 1987இல் வெளியான 10 கேள்விகள் பல நாடுகளில் வழங்குகின்றன. சென்ற 7 நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, உயிரை வெறுத்ததுண்டா என்ற மாதிரியான கேள்விகள். விடைகளை வைத்தே நோய் என்று முடிவு கட்டிவிடுவதில்லை. மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் சொல்வார்.

அவர் சொல்லும்போது பெண் நடுங்கிப் போகிறாள். "எனக்குப் பைத்தியமா? பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா?" வீட்டாரோ, "திமிர்" என்பார்கள், "காற்றுக் கருப்பு" என்று மந்திரிக்கவும் கூட்டிப் போவார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடும் பெண்களும் உண்டு. தான் கெட்ட தாயல்ல, தனக்கு வந்திருப்பது தீரக்கூடிய நோய் என்று அப்போதுதான் தெரிகிறது.

இது நகரத்துப் பெண்களின் நோய் என்று எண்ணவேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கில், பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பேருக்கு மனச்சோர்வு புதிதாகக் கண்டிருந்தது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை இருந்த இடத்தில் நோய் அதிகம். இவற்றில் எது நம் லயத்தில் இல்லை?

பிரசவித்த சில நாள்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் போகவேண்டும். கர்ப்பகாலத்துச் சோர்வுக்கும் இதே வழிதான். தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் பேச்சு வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தனியே விடாதீர்கள். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது.

பத்தியச் சோறும் மருந்துக் குழம்பும் நாம் தவறாமல் கொடுக்கிறோம். அவள் இரவில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்குவதற்கு மட்டும் யாரும் பிள்ளையை வாங்கிக்கொள்வதில்லை. கணவன்மாரே, அடுத்த ஊசி நாளில் நீங்களும் கூடப் போங்கள். நர்சம்மா கேட்காவிட்டால், மனைவி தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நீங்களே சொல்லுங்கள்.