தேர்வடமும் மூச்சும்



திருவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் காணாதார் இப் பக்கத்தில் அரியர். அத் தேர் நிலையினின்று பெயரும் முதல் நொடிகளை உற்றுநோக்குக. வடம் பிடித்தோர் காலூன்றிச் சாய்ந்து முழுவலியும் செலுத்துவர், தேரோ அசையாது. பின்னின்று நெம்புவர். சட்டென உருளை பெயரும். பெயர்ந்தபின் இழுப்பது எளிதாகும். நிற்கும் பொருளைப் பெயர்ப்பதற்கு வேண்டும் விசை, உருளும் பொருளை உருட்டுவதற்கு வேண்டுவதினும் மிகுதி.

உடற்பயிற்சி நூலிற் பாதி அவ் வடத்திலேயே உள்ளது. முதல் இழுப்பிற்குத் தசை மூச்சை எதிர்பார்ப்பதில்லை. தன்பால் ஆயத்தமாயுள்ள ஆற்றற்பொருளையே செலவிடும். அஃது ஏறத்தாழ 10 நொடிக்கே போதும். அடுத்து, தசையிற் சேர்ந்துள்ள மாப்பொருள் உயிர்வளியின்றியே பிளவுற்று ஓரிரு மணித்துளி தாங்கும். அதன்மேலும் உழைப்பதாயின், மூச்சு கொணரும் உயிர்வளியையே பெரிதும் நம்பவேண்டும். முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துந்தொறும் இழுத்தோர் மூச்சு வாங்குவது இதனாற்றான். செலவான இருப்பு அம் மூச்சினால் மீள நிரம்புகின்றது.

கூவி இழுப்பதும் வீணன்று. மூச்சை அடக்கி வலித்தால் குருதியழுத்தம் திடுமென ஏறும். கூவுபவன் மூச்சை விட்டுக்கொண்டே இழுக்கின்றான். ஏலேலோ பாடி உழைத்த மக்கள் இதனை எந்நூலிற் படித்தனர்?

இராசபாளையத்துச் சஞ்சீவி மலை ஏறுவோர்க்கு வேண்டுவது வேறோர் ஆற்றல். ஓய்விலிருக்கும் வளர்ந்த ஒருவரின் நெஞ்சாங்குலை மணித்துளிக்கு ஏறத்தாழ 5 இலிட்டர் குருதியைச் செலுத்துகின்றது. கடுமுழைப்பில் அது 20 இலிட்டரையும் எட்டும். நாளும் பழகியவரின் நெஞ்சாங்குலை ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாகச் செலுத்துவதால், ஓய்வில் அதன் துடிப்பு குறையும். வடம் இழுப்பது வலிமை. மலை ஏறுவது தாங்காற்றல். ஒன்று உடையார்க்கு மற்றொன்றும் உண்டென்பதில்லை.

இதனைப் பள்ளிப் பிள்ளை 'ஏரோபிக்', 'அனேரோபிக்', 'இசுடாமினா' என்று ஒப்பிக்கின்றான். நூற்பாலையில் எட்டு மணிநேரம் நின்று வரும் தந்தை, "எனக்கு எதற்குப் பயிற்சி? நாளெல்லாம் உழைக்கின்றேனே!" என்றால், அவனுக்கு விடைகூறத் தெரியவில்லை. ஆலையில் நிற்கும் கால் களைக்கும். ஆயினும் நெஞ்சாங்குலை விரைந்து துடிக்குமளவு உழைப்பு அங்குக் குறைவு. 'மூச்சுழைப்பு', 'மூச்சிலா உழைப்பு' என்று மகன் சொல்லியிருப்பின் தந்தைக்கு அந்நொடியே விளங்கியிருக்கும். பாவாணர் ஆசிரியப்பணி தொடங்கிய முறம்பு இராசபாளையத்தை அடுத்தது. அம் மண்ணிலா சொல்லுக்குப் பஞ்சம்?

சொல் விளங்காமையால் வரும் கேடு சிறிதன்று. ஆண்டு முழுதும் அசையாதிருந்து, நாற்பதைக் கடந்தபின் ஒருநாள் மட்டும் வடம் பிடித்து முழுவலியும் செலுத்துவோர்க்கு நெஞ்சாங்குலைத் தாக்கு நேரக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறிய அளவு கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி வரை நடுத்தர உழைப்பு; வலிமைப் பயிற்சி இரண்டு நாளேனும். விரைநடையே போதும், பேச முடியவேண்டும், பாட முடியலாகாது. அதுவே நடுத்தரம்.

மலையிறங்கிய மறுநாள் தொடை வலித்தால் அஞ்சவேண்டா. இறங்குகையில் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. சில நாளில் ஆறிவிடும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ வடத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க.