கட்டுக் கட்டும் முன் தண்டைப் பாருங்கள்

(ஆண்டு விழாவில் மூலிகை சேகரிக்கும் குழு உறுப்பினர் பேசியது)



போன மழைக்குப் பிறகு எங்க குழு கீழாநெல்லி பறித்து, காயவைத்து, மூட்டையாகக் கொண்டுபோனோம். வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துட்டு, "வேற செடி கலந்திருக்கும்மா" என்று திருப்பிவிட்டார். வேணும்னு கலக்கவில்லை. எங்களுக்கு எல்லாம் ஒண்ணாகத்தான் தெரிந்தது. பத்து நாள் உழைப்பு போச்சு. அப்புறம்தான் செடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடைக்கும் கீழாநெல்லிக்குத் தண்டு பச்சை. நடுத்தண்டில் இலை இருக்காது, பக்கக் குச்சிகளில்தான் இருக்கும். குச்சிக்கு அடியில் வழவழப்பான காய், சின்னக் காம்போடு தொங்கும்.

சிவப்புக் கீழாநெல்லிக்குத் தண்டில் சிவப்பு ஓடும். காய்க்குக் காம்பே இல்லாத மாதிரி ஒட்டி இருக்கும், தொட்டால் சொரசொரப்பு. லென்ஸில் விதையைப் பாருங்க: கீழாநெல்லிக்குக் கோடு நீளவாக்கில், இதற்குக் குறுக்குவாக்கில்.

கரிசல்காட்டு மேலாநெல்லிக்கு நடுத்தண்டிலேயே இலை வரும். அந்த இலை நுனியில் அகலம், அடியில் ஒடுக்கம்.

இதெல்லாம் பச்சையாக இருக்கும்போதுதான் தெரியும். காய்ந்து தூளாகிவிட்டால், ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் வைத்து இலைத் துளையையும் செல் அமைப்பையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் பறிக்கும் இடத்திலேயே பிரிக்கணும்.

விலைக்காக மட்டும் சொல்லவில்லை. 1988-ல் சென்னை விஞ்ஞானிகள் கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக் கிருமி உள்ள 37 பேருக்குக் கொடுத்தார்கள். 22 பேர் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் அதே பலன் வரவில்லை. எந்தச் செடி என்று சரியாகத் தெரியாமல் எந்த மருந்தையும் சோதிக்க முடியாது, நம்பவும் முடியாது. வீட்டில் யாருக்காவது காமாலை என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்னொண்ணு. மேலே இருப்பது சரணாலயம், இப்போது புலிகள் காப்பகம். அங்கே பறிக்கப் போக வேண்டாம். நம்ம வரப்பிலேயே இருக்கு.

இப்போ எங்க குழுவில் மூணு துணி விரித்து, மூணு செடியையும் தனித்தனியாகப் போடுகிறோம். சந்தேகமான செடி எதுவும் கட்டில் சேராது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்க.